தனிக் கவனிப்பு

மாமியார் தன்னுடைய ஜன்னலோர அறையைச் சின்ன மருமகளுக்கு ஒழித்துக் கொடுத்தபோதே பெரியவளுக்கு வயிறு எரிந்தது.

"ராத்திரி தூங்கினியாம்மா? ஃபேனைக் கூட்டவா? மாத்திரை போட்டியா?" என்று மாமியார் நாள் முழுக்கச் சின்னவளையே தாங்கினாள். கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பேரும் குசுகுசுவென்று பேசினார்கள். லேடி டாக்டரிடம் சேர்ந்தே போய் வந்தார்கள்.

"நானும்தான் ரெண்டு பெத்தேன். ஒரு நாளாவது உங்கம்மா என்னை இப்படித் தாங்கினதுண்டா?" என்று பெரியவள் கணவனிடம் பொருமினாள். அவன் போனைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை.

அன்று மறுபடியும் அவர்கள் டாக்டரிடம் கிளம்பியபோது அவளுக்குப் பொறுக்கவில்லை.

"எத்தனை மாசம்னு எங்கிட்ட சொன்னா கண்ணு பட்டுடுமா அத்தை?"

மாமியார் முகம் சுண்டிப்போனது. சின்னவள்தான் பதில் சொன்னாள்.

"குழந்தை இல்லக்கா. எனக்கு பீரியட்ஸே நின்னுபோச்சு. அத்தைக்கு அம்பது வயசுல நின்னது, எனக்கு இருபத்தெட்டுலயே. ஈஸ்ட்ரோஜன் ரொம்பக் கம்மியாம். எலும்பு தேயாம இருக்க இன்னும் பல வருஷம் மாத்திரை போடணுமாம். திடீர்னு உடம்பு கொதிச்சு வேர்த்துக் கொட்டும். அத்தை அதெல்லாம் பட்டவங்க. அதான் அவங்ககிட்ட சொல்லி அழுதேன்."

பெரியவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்கிட்ட ஏன்டி சொல்லல?"

சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"மாசாமாசம் நீங்க வயித்துவலின்னு சுருண்டு படுப்பீங்கல்ல... அதைப் பாக்கறப்போ உங்க மேல எனக்கு அவ்வளவு பொறாமைக்கா."