பிறர் உதவியின்றி

‘உங்களது தனித்திறமை என்ன?’ என்று கேட்டிருந்தது படிவம்.

கேட்கிற கேள்வியைப் பாருங்கள். பத்தொன்பது வருஷம் வேலை வாங்கிவிட்டு இப்போதுதான் தெரிந்துகொள்ள வேண்டுமாம்.

‘என் மூக்கு’ என்று எழுதினேன். அழுத்திய அழுத்தில் அடுத்த தாளிலும் எழுத்து பதிந்துவிட்டது.

எங்களுடையது இறால் ஏற்றுமதிக் கம்பெனி. வண்டியில் வந்து இறங்கும் ஒவ்வொரு பெட்டியையும் முகர்ந்து பார்த்து, எடுக்கலாமா தள்ளலாமா என்று சொல்வது என் வேலை. நான் தள்ளச் சொன்னால் தள்ளியதுதான், முதலாளியே வந்து நின்றாலும் மாறாது. இங்கிருந்து கப்பலேறிய ஒரு கண்டெய்னர்கூட இதுவரை கெட்ட வாடை என்று திரும்பி வந்ததில்லை.

அதற்கு எனக்குக் கிடைத்த மரியாதை, ஏழு வருஷமாக ஏறாத சம்பளம்.

லேபுக்கு நேற்று வந்த அனிஷுக்கு இரண்டு தடவை ஏறிவிட்டது. அவனிடம் மெஷின் இருக்கிறது. மெஷின் பதில் சொல்வதற்குள் பெட்டியில் ஐஸ் உருகி ஓடிவிடும். அதனால் ‘மரியசெல்வி அக்கா, என்ன சொன்னீங்க?’ என்று அவனே என்னிடம் வந்து கேட்டு எழுதிக்கொண்டு போவான். அதெல்லாம் எந்தப் படிவத்தில் வருகிறது?

மேனேஜர் அற்புதமணியிடம் கேட்டதற்கு, எல்லாவற்றையும் சுயமதிப்பீட்டில் எழுதிக் கொடுங்கள் என்றார். வாயால் சொன்னால் காதில் ஏறாது, தாளில் எழுதினால் ஏறுமாம். இந்த வயதில் என்னைப் பற்றி நானே தம்பட்டம் அடிக்க வேண்டும் என்பது என் தலையெழுத்து.

பிலோமி எட்டிப் பார்த்தாள். என் மேசையில் உதவிக்கு நிற்கிறவள். பெட்டியைத் திறந்து, ஐஸை விலக்கி, ஒரு கை இறாலை அள்ளி முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டுவாள். அவ்வளவுதான் அவள் வேலை. தனக்கும் இப்படி ஒரு தாள் உண்டா என்று கேட்டாள். தினக்கூலிக்குக் கிடையாது என்றேன்.

ஆறாம் கேள்வி, ‘பிறர் உதவியின்றி நீங்கள் செய்யும் பணிகள்’.

‘எல்லாமே’ என்று எழுதினேன். இருந்த கோபத்தில் அதுவும் போதவில்லை. எனக்கு மெஷினும் துணை இல்லை, ஆளும் துணை இல்லை, முடிவு முழுக்க என்னுடையது என்று எழுதி, அடியில் கோடும் போட்டேன்.

அற்புதமணி நின்றுகொண்டே படித்தார். ஆறாம் கேள்வியை மட்டும் இரண்டு தடவை படித்தார். பிறகு, ஏற்றிவிடலாம் என்றார், சர்வசாதாரணமாக. அவர் கையிலேயே இருந்த அதிகாரத்துக்கு ஏழு வருஷம் நாயாய் அலையவிட்டிருக்கிறார்.

ஆனால் பிரிவின் மொத்தச் செலவு கூடக் கூடாதாம்.

“நீங்களே எழுதிட்டீங்களே, தனியாத்தான் பாக்கேன்னு. பெறவு பக்கத்துல எதுக்கு ஒரு ஆளு? பிலோமி இன்னையிலேர்ந்து உரிக்கிற பக்கம் போவட்டும்.”

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? மூடிக்கொண்டேன்.

உரிக்கிற பக்கம் கிலோ கணக்கில்தான் கூலி. நாள் முழுக்க உரித்தாலும் தினக்கூலி அளவுக்குத் தேறாது. பிலோமி கையைக் கழுவி, பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“சம்பளம் ஏறிட்டாம்லாக்கா. சந்தோசம்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பெரியதாழையிலிருந்து இறால் வண்டி வந்து நின்றது. அடுத்த கம்பெனிக்கும் போக வேண்டும் என்று டிரைவர் அவசரப்படுத்தினார். முதல் பெட்டியை நானே திறந்து, ஐஸை விலக்கி, ஒரு கை இறாலை அள்ளி மூக்கருகே வைத்தேன்.

வெறும் குளிர்ச்சிதான் தெரிந்தது.

கொரோனாக் காய்ச்சலில் போன வாசனை எனக்கு இன்றுவரை திரும்பவில்லை. அதன்பிறகு வந்த ஒவ்வொரு பெட்டிக்கும், இறாலைத் தூக்கிப் பிடிக்கையில் பிலோமியின் முகம் சுளிக்கிறதா என்று பார்த்துத்தான் சொல்லிவந்தேன். மேசையில் அவளை மட்டும் மாஸ்க் போட விட்டதில்லை.

அது ஏன் என்று அவளுக்கே தெரியாது.