கார்போர்ச் டைல்ஸ்

குளியலறையில் மனிதர்கள் வழுக்கி விழுவதற்குத் தண்ணீர்தான் காரணம் என்றொரு நம்பிக்கை உலகெங்கும் பரவிக் கிடக்கிறது. இது பெரும் பிழை. தண்ணீர் ஆதிகாலத்திலிருந்து ஒரே மாதிரித்தான் நனைத்து வருகிறது. தரையைத் தேர்ந்தெடுப்பது கண். அதன்மேல் நிற்பது கால். தண்டனை மட்டும் இடுப்புக்கு.

இந்த உண்மை லோரன்ஸ் மாஸ்டரின் இடுப்புக்கு அண்மையில்தான் தெரியவந்தது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஓய்வு பெறும்வரை பிள்ளைகளை ஒற்றைக் காலில் நிற்கப் பழக்கிய உடற்பயிற்சி ஆசிரியர், சோப்பு நுரையில் சறுக்கிவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? நல்ல வேளை, மனைவி டொரதி அப்போது பூசைக்குப் போயிருந்தாள்.

"பஸ் கதவு இடிச்சிருச்சு" என்றார் அவள் வந்ததும். டொரதி தைலம் தேய்த்துவிட்டாள். எந்த பஸ் என்று கேட்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து, "பாத்ரூம் தரையை மாத்தணும்" என்று ஆரம்பித்தாள். ஆரம்பித்தால் விடுகிற ஆள் இல்லை.

கடுகண்ணாவையில் டைல்ஸ் கடை வைத்திருந்த திலீபன், மாஸ்டரின் பழைய மாணவன்.

"வாங்க சேர், வாங்க ஆன்ட்டி. உட்காருங்க சேர்" என்று கதிரையை இழுத்துப் போட்டான்.

"நான் எந்தக் காலத்துல உட்கார்ந்தேன்?" என்றார் லோரன்ஸ், இடுப்பைச் சமாளித்துக்கொண்டு.

அவருக்கு ஒரு வெள்ளை டைல்ஸ் பிடித்துப்போனது. அதில் முகம் பார்த்து மீசை வெட்டலாம்.

டொரதி கைப்பையிலிருந்து இரண்டு போத்தல்களை எடுத்தாள். ஒன்றில் தண்ணீர், மற்றதில் நல்லெண்ணெய். திலீபன் தடுப்பதற்குள் இரண்டையும் அந்த டைல்ஸ்மேல் ஊற்றி, செருப்பைக் கழற்றிவிட்டு, அவன் தோளைப் பிடித்தபடி ஏறினாள்.

கால் சர்ரென்று போனது.

"இது வேணாம்."

"ஆன்ட்டி, கடையில யாரும் எண்ணெய் ஊத்திப் பார்க்கிறதில்லையே!"

"வீட்டுல எண்ணெய் தேய்ச்சுத்தானே குளிக்கிறாங்க?"

அடுத்த டைல்ஸும் சறுக்கியது. அதற்கடுத்ததும். கடையில் நின்றவர்கள் வந்த வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள்.

"பார்த்தியா திலீபன், டைல்ஸுக்கு ஓ.எல். பரீட்சை வைக்கிறா" என்றார் லோரன்ஸ். "ஒண்ணும் பாஸாகாது."

ஒன்று பாஸானது. மூலையில் கிடந்த சாம்பல் நிறச் சின்னச் சதுரம். பார்ப்பதற்கு அம்மி கொத்தியதுபோல் இருந்தது. எண்ணெயும் தண்ணீரும் ஊற்றியும் டொரதியின் கால் அசையவில்லை.

"இதுதான்."

"ஐயோ ஆன்ட்டி, அது கார் நிறுத்துற கார்போர்ச்சுக்குப் போடுறது! பாத்ரூமுக்குப் போட்டா அழுக்குப் பிடிக்கும்."

"அழுக்கைத் தேய்க்க பிரஷ் இருக்கு. உடைஞ்ச இடுப்பைத் தேய்க்க என்ன இருக்கு?"

லோரன்ஸ் தொண்டையைச் செருமினார். "காரே இல்லாத வீட்டுக்குக் கார்போர்ச்சா, டொரதி? வர்றவங்க சிரிப்பாங்க."

"வர்றவங்க நம்ம பாத்ரூம்லயா குளிக்கப் போறாங்க?"

திலீபன் குரலைத் தாழ்த்தினான். "யாராவது விழுந்துட்டீங்களா?"

லோரன்ஸ் வெள்ளை டைல்ஸைத் தடவிப் பார்க்கத் தொடங்கினார்.

"இன்னும் இல்ல. எனக்குத்தான் பயம்" என்றாள் டொரதி. "கால் நிலைக்கிறதில்ல. இவருக்கென்ன, இன்னைக்கும் ஒத்தைக் கால்ல நிப்பாரு."

கடை சிரித்தது. லோரன்ஸ் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "என்ன செய்யிறது? நான் கட்டினது ஒரு பயந்தாங்கொள்ளியை!"

"ஆமா ஆமா. தம்பி, தண்ணி தேங்காம ஓட்டைப் பக்கமா சரிவு வைக்கச் சொல்லுங்க மேசன் பாஸ்கிட்ட. அதையும் நான் ஊத்திப் பார்ப்பேன்."

ஊற்றிப் பார்த்தாள். மேசன் பாஸ் ஒரு மூலையை இரண்டு தரம் உடைத்து ஒட்டினார்.

சனிக்கிழமை லோரன்ஸ் தலை நிறைய எண்ணெய் வைத்துக்கொண்டு ஷவருக்குக் கீழே போய் நின்றார். தரை உள்ளங்காலைப் பிடித்துக்கொண்டது. விழுந்த நாளிலிருந்து குழாயை இறுக்கிப் பிடித்தே குளித்து வந்தவர், கையை எடுத்தார். துணிச்சல் வந்து ஒரு காலையும் தூக்கினார். மற்றது அசையாமல் நின்றது.

அப்போதுதான் வெளியே வாளி நிறையும் சத்தம் கேட்டது.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். பின்வளவுப் பைப்படியில், குறுக்குக் கட்டோடு டொரதி. பன்வில தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். "தூறல்ல நனைய நான் என்ன குரோட்டன் செடியா?" என்று வீடு கட்டிய வருஷம் ஷவரைப் பார்த்துச் சொன்னாள். அன்றிலிருந்து ஒரு நாள்கூட உள்ளே குளித்ததில்லை. தினமும் கண்ணெதிரே நடப்பதைக் கணவர்கள் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

பைப்படிச் சிமெந்து பாசி பிடித்துப் பச்சையாகக் கிடந்தது. ஒரு கையால் தகர மறைப்பைப் பிடித்தபடி, மறு கையால் அவள் தண்ணீர் மொண்டு ஊற்றினாள்.

லோரன்ஸ் தூக்கிய காலை இறக்கினார்.

திங்கட்கிழமை திலீபன் கடையைத் திறக்கும்போதே அவர் தனியாக வந்து நின்றார்.

"அதே கார்போர்ச் டைல்ஸ். இன்னொரு பெட்டி."

"எங்கே போட, சேர்?"

"பின்னால, பைப்படிக்கு."

திலீபன் சிரித்தான். "ஆன்ட்டிக்கு அங்கேயும் பயம் வந்துருச்சா?"

"அவளுக்கென்ன பயம்? அவ ஒத்தைக் கால்ல நிப்பா" என்றார் லோரன்ஸ். "பயம் எனக்குத்தான்."

திலீபன் கதிரையை இழுத்துப் போட்டான்.

மாஸ்டர் உட்கார்ந்தார்.