எலிக்கு விரித்த வைக்கல்

யதுர்ஷிகா தன் எலிக்கு மெத்தை மாற்றிக்கொண்டிருந்தாள்.

எலி என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். அது ஹாம்ஸ்டர். வவுனியாக் கடையில் கூண்டோடு வாங்கியது. வயல் எலிக்கு நஞ்சு வைக்கிற பூவரசங்குளத்தில் ஒரு எலிக்கு இப்படியொரு யோகமா என்று அவளுடைய மாமி பிரியந்தினி வந்ததிலிருந்து பகிடி பண்ணிக்கொண்டிருந்தாள்.

பிரியந்தினி தம்பி செந்தூரன் வீட்டுக்கு நெல் எடுக்க வவுனியா நகரத்திலிருந்து வந்திருந்தாள். ஒவ்வொரு காலபோக அறுவடைக்கும் அவளுக்கென்று ஒரு மூடை உண்டு.

இந்த முறை அந்த மூடைக்கு ஒரு விசேஷம் இருந்தது. வருகிற வெள்ளிக்கிழமை அவளுடைய மகனுக்கு முதற்சோறு தீத்துகிறார்கள். கரு கலைந்து கலைந்து, நாற்பது வயது தாண்டிப் பெற்ற பிள்ளை.

புருசன் ஏதோ பெட்டி மாவைக் காட்டியபோது அவள் ஒற்றைக் காலில் நின்றுவிட்டாள். பிள்ளையின் வாயில் முதலில் படுவது பூச்சிமருந்து படாத அரிசியாகத்தான் இருக்க வேண்டும். அது தம்பி வீட்டில் இருக்கும்போது கடையில் ஏன் வாங்க வேண்டும்?

செந்தூரன் அவள் கண்முன்னேதான் மூடையை இறக்கி வைத்தான். நெல் வாங்குகிற முதலாளியின் லொறிக்காக விறாந்தையில் அடுக்கியிருந்ததில் மேலே கிடந்தது. இறக்கிவிட்டு ஓட்டோ பிடிக்கச் சந்திக்குப் போனான்.

அவன் வரும்வரை எலியின் சரித்திரம் முழுவதையும் கேட்கக் கிடைத்தது. முதலில் பேப்பர் விரித்தார்களாம். மை பிரண்டு வயிறு கறுத்துவிட்டது. மரக்காலையிலிருந்து மரத்தூள் கொண்டுவந்தார்கள். அந்த மணத்துக்குத் தும்மித் தும்மியே எலி சுருண்டு படுத்துவிட்டது. பழைய சேலைத் துண்டு போட்டார்கள், நூல் சுற்றிக் கால் வீங்கிவிட்டது.

கடைசியில் வைக்கல். அதையும் சும்மா போட்டுவிட முடியாது, நுனி கண்ணில் குத்தும். செந்தூரனே கத்தரிக்கோலோடு குந்தியிருந்து நறுக்கிக் கொடுக்கிறானாம்.

பிரியந்தினிக்குத் தேத்தண்ணி புரைக்கேறிவிட்டது. சட்டைப் பொத்தானைக்கூட ஒழுங்காகப் பூட்டத் தெரியாமல் பள்ளிக்கூடம் போனவன் அவன்.

யதுர்ஷிகா கடகத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். முற்றத்தில் நின்ற பெரிய வைக்கற்போரைத் தாண்டி, ஆட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் இருந்த சின்னக் குவியலில் அள்ளிக்கொண்டு வந்தாள்.

"காலடியில மலைமாதிரிக் கிடக்கு. உதுக்கேன் பிள்ளை அவ்வளவு தூரம் போறாய்?"

"ஐயோ மாமி, முத்தத்தில கிடக்கிறது விக்கிற வயல் வைக்கல். மருந்தடிச்சது. அப்பா எலிக்குக் கிட்டவும் கொண்டுபோக விடமாட்டார். இது குளக்கட்டடி வயல் துண்டில விளைஞ்சது. நாங்கள் சாப்பிடுறதுக்கு மட்டும் செய்யிறது. அந்த நெல்லெல்லாம் குசினிப் பீப்பாவுக்க இருக்கு."

சொல்லிவிட்டுக் குனிந்து நறுக்கத் தொடங்கினாள். பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது.

பிரியந்தினி விறாந்தையைப் பார்த்தாள். லொறிக்குப் போகிற மூடைகள் எல்லாம் நீல நூலால் வாய் தைத்திருந்தன. அவளுடைய மூடையும் அதே நீல நூல்தான். போன வருசமும் அதே நூல்தான். அதற்கு முந்தின வருசங்களிலும்.

நஞ்சென்று தெரிந்துதானே எலியிடமிருந்து விலக்கி வைத்திருக்கிறான். அக்காவுக்கு மட்டும் தூக்கிக் கொடுக்க அவனுக்கு எப்படி மனம் வந்தது? அவளோ அதை அமிர்தம்போல் கொண்டுபோய், தம்பி வீட்டு அரிசி என்று அயல் பிள்ளைகளுக்கும் சுண்டுப் பேணியால் அளந்து கொடுத்திருக்கிறாள்.

அவள் கதிரையை விட்டு இறங்கிக் கூண்டுக்குப் பக்கத்தில் குந்தினாள்.

கையால் வெட்டிய வயல் வைக்கல் அது. அங்கொன்றும் இங்கொன்றுமாக நெல் உதிராத கதிர்கள் கிடந்தன. அவற்றைத் தேடி உருவினாள். எலியின் காலடியில் கிடந்ததையும் கூண்டுக்குள் கைவிட்டு எடுத்தாள். எலி மூக்கைச் சுழித்துக்கொண்டு ஒதுங்கி இடம் விட்டது.

"என்ன மாமி தேடுறியள்?"

பிரியந்தினி கடைசி நெல்மணியையும் பொறுக்கினாள். சேர்ந்த நெல்லை முந்தானையில் முடிந்தாள்.

படலையடியில் ஓட்டோ வந்து நின்றது. செந்தூரன் உள்ளே வந்து, "வாங்கோ அக்கா" என்றபடி மூடையைத் தூக்கக் குனிந்தான்.

"அதை லொறிக்கே ஏத்து தம்பி. பிள்ளைக்கு ஒரு வாய்க்கு இது காணும்."

அவன் அவளுடைய முந்தானை முடிச்சைப் பார்த்தான். கூண்டைப் பார்த்தான். மகளின் கையிலிருந்த வைக்கலைப் பார்த்தான். பிறகு தலை நிமிரவேயில்லை.

குளக்கட்டடித் துண்டு பிரியந்தினியின் சீதனக் காணி. கலியாணம் முடித்து நகரத்துக்குப் போனபோது, நீயே செய், வருசம் ஒரு மூடை தந்தால் போதும் என்று தம்பியின் கையில் விட்டுப் போனது.

அதில் விளைந்த நெல் அவள் கைக்கு வந்தது அன்றைக்குத்தான்.