அசல் பழந்துணி நட்சத்திரங்கள்

பெரிய அண்டாவில் டீ தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. சர்க்கரை போடவில்லை, பால் ஊற்றவில்லை. ஒரு கை கல்லுப்பை மட்டும் அள்ளிப் போட்டாள் தோரணக்காரி.

"யாருக்கு இவ்வளவு டீ? எனக்கு ஒரு வாய் ஊத்து" என்று டம்ளரோடு வந்து நின்றார் வீட்டுக்காரர்.

"அய்யய்யோ, குடிச்சு வெச்சிடாதீங்க! இது துணிக்கு" என்று அவர் கையைத் தட்டிவிட்டு, பளிச்சென்றிருந்த பூப்போட்ட துணியை அண்டாவுக்குள் அமுக்கினாள்.

வேறு என்னதான் செய்வாள்? ஊருக்கே பழந்துணிப் பைத்தியம் பிடித்திருந்தது. பண்டிகைக்கு வீட்டில் தொங்கவிடுகிற நட்சத்திரமும் மணியும் தாத்தா காலத்துத் துணியில் தைத்ததாக இருந்தால்தான் கௌரவமாம். நேற்றுவரை கிழிந்த திரைச்சீலையால் தரை துடைத்தவர்கள்கூட அதைத் துவைத்து மடித்து பீரோவில் பூட்டிவிட்டார்கள்.

பழசு கிடைக்காவிட்டால் போகட்டும், பழசாக்கத் தெரியாதா அவளுக்கு? முந்தின நாளே ஜவுளிக்கடைக்குப் போய்ப் புதுத் துணி ஒரு கட்டு எடுத்து வந்திருந்தாள்.

"நேத்துதான் மில்லுலேர்ந்து வந்திறங்குச்சு, தங்கச்சி. உனக்குன்னா பாதி விலை" என்றார் கடைக்கார அண்ணன். வீட்டில் எத்தனை தடவை இஸ்திரி போட்டும் மடிப்புக் கோடு மட்டும் போகவே இல்லை. கஞ்சி கூடிப்போச்சு போல என்று விட்டுவிட்டாள்.

எல்லாம் ஒரு பெரிய ஹோட்டலின் தோரண ஆர்டருக்காக. கிடைத்தால் அவளுடைய தோரணக் கடை பிழைக்கும். இல்லையென்றால் ஷட்டரை இழுத்துவிட்டு, நாத்தனாரின் தையல் கடையில் அவள் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டு மறுபடியும் பட்டன் தைக்க வேண்டும்.

மறுவாரம் ஹோட்டல் மேடம் வந்தார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, ஒரு நட்சத்திரத்தை எடுத்துத் தடவினார், புரட்டினார், தையலை லேசாகப் பிரித்து உள்ளே மடிந்திருந்த துணி ஓரத்தையும் பார்த்தார்.

"எங்க மாமியாருக்கு மாமியார் கட்டிக்காத்த துணிங்க, மேடம்" என்றாள் தோரணக்காரி. புளுகுகிறது என்று ஆன பிறகு அதில் என்ன கஞ்சத்தனம்?

மேடம் முகர்ந்து பார்த்தார். "டீ வாசனை வருதே?"

"அவங்க... டீ நிறையக் குடிப்பாங்க."

மேடம் நட்சத்திரத்தை மேஜையில் வைத்துவிட்டுக் கைப்பையை எடுத்தார். "வேண்டாம்மா. இதை எங்க ஹோட்டல்ல மாட்ட முடியாது."

தோரணக்காரிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஓடிப்போய் வாசலை மறித்தாள்.

"மன்னிச்சிடுங்க மேடம்! பொய் சொல்லிட்டேன். இது புதுத் துணிதான். பழசா தெரியணும்னு நான்தான் டீயில போட்டு வேக வெச்சேன். ஒரே ஒரு வாய்ப்புக் குடுங்க, நிஜமான பழந்துணியை எங்கேயாவது தேடிப் புடிச்சுத் தைச்சுத் தர்றேன்!"

மேடம் அவளையே பார்த்தார். மேடத்தின் முகத்தில் கோபத்தைவிடப் பரிதாபம்தான் அதிகமாக இருந்தது.

"வேக வெச்சு நாசம் பண்ணிட்டீங்களேன்னுதான் வேண்டாம்னேன். இந்த மாதிரி ஓரம் நெய்யற மிஷினெல்லாம் எங்கப்பா பொறக்கறதுக்கு முன்னாடியே காயலான் கடைக்குப் போயாச்சு. புதுசுன்னு சொல்லி, உங்க தலையில யாரோ அசல் பழசைக் கட்டிட்டாங்கம்மா!"