எட்டாவது பெயர்

போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்தேன். அந்தப் பக்கம் பின்லாந்து. திரை முழுக்கச் சம்பந்தி வீட்டார், குறைந்தது நாற்பது பேர். நடுவில் என் மகள் சுகன்யா, மடியில் என் பேரன்.

இன்னும் ஐந்து நிமிடத்தில் பெயர் சூட்டல்.

அந்த நிமிடம் வரை பெயர் ரகசியம். அது அந்த ஊர் வழக்கமாம். மூன்று மாதம் முன்பே ஏழு பெயர்களை அனுப்பி, "இதுல ஒண்ணு. ஆரணியிலயும் வாய்ல நுழையணும், மிக்கோ வீட்லயும் நுழையணும். நீ தலையிடாதப்பா" என்று முடித்துவிட்டாள். மிக்கோ என் மருமகன். அவர்கள் ஊரில் வருடத்துக்குப் பதினோரு மாதம் பனி. ஒரு 'ழ' சொன்னால் நாக்கு உடைந்து கையில் வந்துவிடும்.

தலையிடாமல் இருக்கலாமா? முப்பத்தாறு வருடம் ஆரணியில் தபால் கொடுத்தவன் நான். என் கையில் படாத பெயர் உலகத்திலேயே கிடையாது. பேரன் பெயரை மட்டும் கடைசி ஆளாகக் கேட்க வேண்டுமாம்.

அதனால் பக்கத்து வீட்டுத் தறிக்காரர் தனசேகரனிடம் சொல்லி, ஏழு பெயருக்கும் ஏழு பட்டுத் துண்டு, கரையில் ஜரிகையால் பெயர் போட்டு நெய்து வாங்கிவிட்டேன். சுகன்யா குழந்தையின் பெயரைச் சொல்லி வாய் மூடுவதற்குள் அந்தத் துண்டை உருவிக் காட்ட வேண்டும். நாற்பது பேரும் என்னைத் தீர்க்கதரிசி என்று கும்பிட வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

மனைவி தேவகியிடம் யோசனை கேட்கவில்லை. பெயர் விஷயத்தில் அவள் உதவமாட்டாள். ரேஷன் கடையில் வீட்டுக்காரர் பெயரைக் கேட்டால்கூட அட்டையைத்தான் நீட்டுவாள். நாற்பத்திரண்டு வருடமாக அப்படித்தான். இன்றைக்கு ஏனோ காலையிலிருந்து தானாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

சுகன்யா தொண்டையைச் செருமினாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. துண்டுகள் இருந்த பைக்குள் கை விட்டேன். ஒரு நுனி வெளியே வந்தது. மிலன்.

இழுத்தேன். மிலனுக்குப் பின்னால் ரோஹன். ரோஹன் வாலில் கிரண்.

நேற்று செவ்வாய்க்கிழமை. செவ்வாயன்று தனசேகரன் பட்டில் கத்தரி வைக்கமாட்டார். ஏழையும் வெட்டாமல் ஒரே நீளமாக மடித்துக் கொடுத்திருக்கிறார். நானும் பிரித்துப் பார்க்கவில்லை.

நிறுத்தலாம் என்றால் கை கேட்கவில்லை. நவீன், அருண், ஆதி, கபில்... பட்டு வந்துகொண்டே இருந்தது. விட்டிருந்தால் களம்பூர் வரை போயிருக்கும். பின்லாந்து எழுந்து நின்று கைதட்டியது. மிக்கோவின் அம்மா சிரித்த சிரிப்பில் நாற்காலியிலிருந்து நழுவியே போனார்.

"இன்னாப்பா, ரயில் வுட்டுகினு இருக்கே!" சுகன்யா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இதுல ஒண்ணுகூட இல்ல. அந்த லிஸ்ட்டே உன்ன ஏமாத்த அனுப்பினதுதான். நிஜப் பேரு அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். அவங்க வாய்லேர்ந்து அது வரவே வராது."

திரும்பினேன். "இன்னாடி பேரு?"

தேவகி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, ஆள்காட்டி விரலால் என் நெஞ்சில் ஒரு குத்து குத்தினாள்.

அதற்குள் மிக்கோ தன் அம்மா காதில் பெயரைச் சொல்ல, அவர் எழுந்து வந்து, குழந்தையின் பக்கம் குனிந்து, கொஞ்சமும் நாக்குப் பிறழாமல் கூப்பிட்டார்.

"வேலு!"

"இன்னாங்க?" என்றேன் நான்.