அறுபதாம் வளைவு

சைக்கிள் பந்தயத்தில், கொல்லிமலை இறக்கத்தின் அறுபதாம் வளைவில் என் சைக்கிளின் பிரேக் தானாகப் பிடித்தது. எங்கள் பிரேக்குகள் இப்போதெல்லாம் அணி மேனேஜரின் கணினி வசம். நான் விழுந்தேன். பின்னால் வந்த எதிரணி வீரர்கள் இருவர் என்மேல் மோதினார்கள். ஒருவன் தடுப்புச்சுவரைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தான். முன்னால் போன எங்கள் கேப்டனைத் துரத்த இனி ஆளில்லை.

நான் எழுவதற்குள் ஆம்புலன்ஸ் நர்ஸ் என் முறிந்த தோளைத் தாங்கினார்.

"அதுக்குள்ள எப்படி சிஸ்டர் வந்தீங்க?"

"காலைலயே இந்த வளைவுலதான் நிக்கச் சொன்னாரு உங்க மேனேஜர்."

காதுக்கருவியில் மேனேஜர் குதூகலித்தார். "சபாஷ் பூவரசா! கணக்கு இம்மிகூடப் பிசகல!"

"யோவ், பள்ளத்துல ஒருத்தன் கிடக்கிறான்யா! அதுவும் உன் கணக்குதானா?"

நர்ஸ் பள்ளத்தை எட்டிப் பார்த்தார்.

"ஒரு வெள்ளைத்துணியும் கொண்டுவரச் சொன்னாரு. எதுக்குன்னு கேட்டேன், சொல்லல பாவி."