வந்தவர்களை விரட்டலாமா

ஆமை வீட்டில் போக்கர் சீட்டாட்டம். பந்தயம் வேர்க்கடலை, ஆமைக்கு அதுதான் அன்றைய சாப்பாடு.

ஆமைக்கு இரண்டு ஏஸ் விழுந்தது, இருப்பதிலேயே பெரிய ஜோடி. பத்துக் கடலை வைத்தால் எல்லோரும் சீட்டை மடக்கி விலகிவிடுவார்கள். வீட்டுக்கு வந்தவர்களை விரட்டலாமா என்று ஒன்றே ஒன்று வைத்தது. ஒன்றுதானே என்று காகமும் முயலும் அணிலும் சேர்ந்துகொண்டன. அணிலிடம் இருந்தது வெறும் இரண்டும் ஏழும். எல்லோருக்கும் பொதுவாக நடுவில் விரித்த சீட்டுகளில் இன்னும் இரண்டு ‘இரண்டு’கள் வந்து, மூன்றும் சேர்ந்து ஏஸ் ஜோடியை வென்றுவிட, பந்தயக் கடலையெல்லாம் அணிலுக்குப் போனது.

அடுத்த கைக்கும் ஏஸ் ஜோடி. ஆமை மனதைக் கல்லாக்கிக்கொண்டு பத்து வைத்தது. காகமும் முயலும் மடக்கின.

"உங்ககிட்ட பெரிய சீட்டு இருக்குன்னு தெரியுது அண்ணே," என்றது அணில்.

"அப்போ மடக்கிடேன்."

"வீட்டுக்காரரைத் தனியா விட்டுட்டு எழுந்துக்கறது மரியாதையா?" என்று தன்னிடமிருந்த கடலையெல்லாம் நடுவில் தள்ளியது அணில்.